ஏழாம் பக்கம்

எலவனாசூர்கோட்டை கலையரசிக்கு முப்பத்தொரு வயது. கூலிக்காரர் வீட்டுப் பெண், தபாலில் எம்.ஏ. படித்தவள். ஐந்து வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கல்வராயன் மலைப் பிள்ளைகளிடம் பேசி, அவர்கள் சொல்வதை எழுதி வருகிறாள். பிள்ளைகள் அவளிடம் மட்டும்தான் வாயைத் திறப்பார்கள் என்று ஆபீஸில் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அன்று காலை வெள்ளிமலை பஸ்ஸில் அந்தத் தலைக்கனம் காணாமல் போய்விட்டது. மடியில் அச்சாகி வந்த நாற்பது புத்தகங்கள். பதினோரு மணிக்கு மலைப் பள்ளிக்கூடத்தில் வெளியீடு. ஏழாம் பக்கத்தில் 'ஷாலினி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)' சொல்கிறாள்: 'தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவேன். குடகில் காப்பி பறிக்கப் போன இடத்தில் மேஸ்திரி அம்மாவை அடித்தார். நான் அழுதேன்.'

முப்பது வீடுள்ள ஊரில் தங்கையோடு பள்ளிக்கு வருகிறவள் செவ்வந்தி ஒருத்திதான். பெயரை மாற்றி என்ன புண்ணியம்! ஊரில் பெரிய மனிதர் என்று முதல் பிரதி வாங்க ஆபீஸில் கூப்பிட்டிருப்பதும், தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற அதே ராசு மேஸ்திரியைத்தான். அடுத்த மாதமும் அந்தக் குடும்பம் அவர் ஜீப்பில்தான் வேலைக்குப் போகவேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கலையரசி நேரே செவ்வந்தியைத் தேடிப் போனாள்.

பள்ளிக்குப் பின்னால் செவ்வந்தியை உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். பதினோரு வயதுப் பெண் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத எடுத்துடட்டுமா, செவ்வந்தி?"

"மேஸ்திரி படிப்பாராக்கா?"

"படிப்பாரு. இல்லன்னா யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க."

"அப்ப எடுத்துடுங்க. அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்கப்பாகிட்டதான கையெழுத்து வாங்கினீங்க?"

கலையரசிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பக்கம்தான் புத்தகத்துக்கே உயிர் என்று நிறுவனத்தின் டைரக்டர் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அந்தத் தாளைக் கிழித்தாள். மணி பத்தைத் தாண்டியும் பாதிப் புத்தகம் மீதி. செவ்வந்தியும் தங்கச்சியைக் கீழே விட்டுவிட்டுக் கிழிக்க உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்ததும் செவ்வந்தி கிழித்த தாள்களைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"ஒண்ணு எனக்குக் குடுங்கக்கா. நான் சொன்னதுதான?"

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கலையரசி தயங்கினாள். ஆனால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொடுத்தாள். செவ்வந்தி வரிக்குக் கீழே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. பேனா கேட்டு வாங்கி அதை அடித்தாள்.

"நான் அழுவலியே. எங்கம்மாதான் அழுதுச்சி. நான் அவர முறைச்சிக்கினு நின்னேன்."

அந்த வரியைச் சேர்த்தது கலையரசிதான். படிக்கிறவர்கள் மனம் இளகட்டும் என்று சேர்த்தது.

கீழே ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. செவ்வந்தி தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தங்கச்சியை இடுப்பில் தூக்கி வைத்தாள்.