நீலக் கூடாரத்து அலெக்சாண்டர்

பஞ்சாலையில் தறி ஓட்டும் அலெக்சாண்டருக்கு வருஷத்தில் ஒன்பது நாள்தான் நல்ல மூச்சு. வில்லியனூர் மாதா கோயிலில் கொடியேறியதும் பானை, பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், பக்கத்து மாந்தோப்பில் இறங்கிவிடுவார். புதுச்சேரியில் பாதி அங்கேதான் கிடக்கும். மூன்று கல்லை வைத்தால் அடுப்பு, பாயை விரித்தால் வீடு. குழாயடியில் வருஷமெல்லாம் முறைத்துக்கொண்ட பெண்கள் தோப்பில் ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ருசி பார்ப்பார்கள். அலெக்சாண்டர் எட்டு நாள் மல்லாந்து படுத்து இலைகளைப் பார்ப்பார், ஒன்பதாம் நாள் எழுந்து தேரைப் பார்ப்பார். பஞ்சுத் தூசியில் வந்த இருமல் மூன்றாம் நாளே சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். மாதா செய்த அற்புதம், புதுமை என்பார் அவர். வேலை செய்யாததன் புதுமை என்பாள் மனைவி சூசைமேரி.

அவளுக்குத் தோப்பில் ஒரே குறை, கோடை மழை. மூன்று வருஷமாகத் தவறாமல் நனைத்தது.

“இதோ பாருங்க, இந்த வாட்டி எம்மேல ஒரு சொட்டு வுழுந்தாலும், அடுத்த வருஷத்துலேருந்து எங்க அண்ணன் வூட்லதான் தங்கறது.”

அண்ணன் பிரான்சுவாவுக்குப் பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம், பேருக்கு முன்னால் ‘முசே’ என்ற மரியாதை, கோயில் தெருவிலேயே மெத்தை வீடு. அலெக்சாண்டர் அங்கே ஒரு நாள் தங்கியிருக்கிறார். சன்னலைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் படுக்கச் சொன்னார்கள். அதற்கு ஆலையே தேவலை என்று முடிவு செய்திருந்தார்.

ஆகவே யோசித்தார். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் நீலத் துணி அவர்கள் ஆலையில் கஞ்சி குடித்துத் தகரம் மாதிரி நிற்கும். கழித்துப் போட்டதில் கூடாரம் கட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய துண்டு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் கோவிந்தராசு, “அலசிட்டுக் கட்டுண்ணே, சாயம் வுடும்” என்றான்.

“அலசுனா கஞ்சி போயிடும்டா. கஞ்சி இருந்தாத்தான் தண்ணி வழுக்கிக்கினு ஓடும்.”

பதினாறு வருஷம் துணியோடு புழங்கிய மூளை அப்படித்தான் வேலை செய்தது.

நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. கூடாரம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. அலெக்சாண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு கஞ்சி கரைந்தது. முதல் சொட்டு வேறெங்கும் இடமில்லாததுபோல் சூசைமேரியின் மூக்கில் விழுந்தது. நீலமாக. அப்புறம் பிள்ளைகள் மூன்றும் நீலம், பானைச் சோறும் நீலம்.

அடுத்த மரத்தடியில் குடும்பத்தோடு இறங்கியிருந்த கோவிந்தராசு எட்டிப் பார்த்தான். “மாதா திருவிழாவுக்கு எங்க சாமியக் கூட்டியாந்துட்டியேண்ணே.”

சூசைமேரி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் அலெக்சாண்டருக்குத் தெம்பாக இருந்திருக்கும். மழை விட்ட பிறகும் அவர் ஈரப் பாயில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த மாங்கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இதைப் பார்க்கப்போவதில்லை என்பவர்போல.

வெளிச்சம் இருக்கும்போதே அவள் திரும்பி வந்தாள். நீலம் அப்படியே இருந்தது.

“அண்ணி வாசப்படியிலயே நிறுத்திட்டாங்க. திருவிழாவுக்கு வெள்ளையடிச்ச வூடாம். கொல்லப்பக்கமா வந்து, எதுலயும் படாம, ஓரமா நிக்கணுமாம். அதுக்குள்ள சின்னவன் சொவத்துல கைய வெச்சுட்டான்.”

“நல்லாப் பதிஞ்சுதா?”

“அஞ்சு வெரலும் அழகா.”

“முசே பிரான்சுவா என்ன சொன்னாரு?”

“அண்ணி பேசும்போது அவரு என்னைக்குப் பேசுனாரு?” முந்தானையைப் பிழிந்தாள். “கூடப்பொறந்தவ நனைஞ்சு நிக்கிறேன், சொவரு பெருசாப் போச்சு. இங்க எவளும் என்னை ஓரமா நில்லுன்னு சொல்லல. அடுப்பப் பத்த வைங்க.”

“அப்ப அடுத்த வருஷம்...”

“தென்னங்கீத்து போடுங்க. இனிமே துணி கிணின்னு மூளைய ஓட்டாதீங்க.”

அலெக்சாண்டர் காய்ந்த சுள்ளி கேட்கக் கோவிந்தராசின் மரத்தடிக்குப் போனார். தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதென்று கொஞ்சம் வேகமாகவே போனார்.