முடிவு காட்டாத ஸ்பானிஷ் படம்

என் மகளுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். பள்ளியில் படிக்கும் ஸ்பானிஷ் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது என் நெடுநாள் எரிச்சல்.

போன வருடம் வகுப்பில் ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்துவரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலிஃபோர்னியாவில், எங்கள் சன்னிவேல் வீட்டு சோபாவில் நானும் அவளோடு ஒட்டிக்கொண்டேன். சின்ன ஊரிலிருந்து மாட்ரிட் வந்த ஒரு பெண், இவள் வயதுதான். லைப்ரரி போகிறேன் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு நகரத்தில் தனியாகச் சுற்றுகிறாள். ஒரு தெருவில் எவனோ பின்னாலேயே நடந்து வருகிறான். கடைசியில் அம்மா ஜன்னலருகே நிற்கிறாள். பெண் வந்தாளா இல்லையா என்று காட்டாமலே படத்தை முடித்துவிட்டார்கள். இதெல்லாம் ஒரு முடிவா என்று எனக்குக் கோபமான கோபம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதுவதுதான் ஹோம்வொர்க் என்றாள் மகள்.

மறுநாள் மதியம் அவளும் லைப்ரரி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். எனக்கு உறைக்கவில்லை, அப்படி ஒரு மண்டை. இரண்டு மணி நேரம் கழித்து சும்மா ஃபோனில் பார்த்தால், அவளைக் காட்டும் நீலப் புள்ளி ஒரு மணி நேரத் தூரத்தில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. படத்தில் அந்தப் பெண்ணின் பின்னால் வந்தவன்தான் கண்ணுக்குள் நின்றான். கணவர் ஆபீஸ் வேலையாக டல்லாஸில் இருந்தார். அவரிடம் சொன்னால் அங்கேயே மயங்கி விழுவார்.

எங்கள் தமிழ் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட முதலில் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு, அப்புறம்தான் மருந்து. கை தானாகவே அங்கே போய்விட்டது. குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன்.

"மக எங்ககிட்ட சொல்லாம எங்கயோ போயிட்டா. எல்லாரும் பாரத்தோட ஜெபம் பண்ணுங்க."

குழுவில் கூப்பிய கை எமோஜிகள் வந்து குவிந்தன. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, நீலப் புள்ளி அணைந்துபோனது. கார் சாவி கையில் இருந்தது, எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. போலீஸைக் கூப்பிட்டபோது சொந்த மகளின் உயரம் கேட்டார்கள், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படிப் போயின இரண்டு மணி நேரங்கள்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. முழுசாக வந்து நின்றாள். போலீஸுக்கும் குழுவுக்கும் சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், பிறகு கத்தினேன். அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். படத்துப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நடந்து பார்க்கத்தான் போனாளாம். என் அழைப்பைத் திட்டு விழுமென்று எடுக்கவில்லையாம். பிறகு வழி தவறி, ஒருவன் உரக்கப் பேசிக்கொண்டே பின்னால் வர, ஒரு கடைக்குள் ஓடிப் புகுந்திருக்கிறாள். அங்கே ஃபோனை எடுத்தபோது சபைப் பிள்ளைகளின் மெசேஜ்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஓடிப்போயிட்டியாமே, யார்கூட, என்று. அவமானத்தில் ஃபோனையே அணைத்துவிட்டாள்.

கடைசியில் தமிழில் சொன்னாள்.

"உனக்கு ஃபோன் பண்ணத்தான்மா எடுத்தேன்."

குழுவில் பேசி அந்தப் புள்ளியை அணைத்தது நான்தான்.

அப்போது ஜெபக் குழு ஆன்ட்டி கூப்பிட்டார். பிள்ளை வந்துவிட்ட செய்தி அதற்குள் எட்டியிருந்தது. நாளைக்கு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் பிள்ளையைக் காப்பாற்றியதை எல்லோருக்கும் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். மகள் மாடிப்படியில் நின்று என்னையே பார்த்தாள். மதியம் முழுக்க என் வயிற்றில் இருந்த பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

"வேணாம் ஆன்ட்டி," என்றேன். "இத நான் இனிமே சபையில யார்கிட்டயும் சொல்றதா இல்ல."