மூன்றாவது ராஜினாமா

பெங்களூரு பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நாலு வருஷம் மிஷினில் முதுகை ஒடித்துவிட்டு ராஜினாமா கொடுப்பார்கள். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அதே வாசலில் புது ஆளாக, ஆரம்பச் சம்பளத்துக்குப் போய் உட்காருவார்கள். ஐந்து வருஷம் முடித்தால் கம்பெனி கிராஜுவிட்டி தர வேண்டுமே என்பீர்கள். வீட்டில் செலவு வந்து கழுத்தை நெரிக்கும்போது ஐந்தாவது வருஷத்தை யார் கண்டது? கம்பெனிக்கு லாபம், அது வாயே திறக்காது.

தனக்கோடி இப்படி இரண்டு முறை வேலையை விட்டாள். முதலில் புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஆளும் போனான், பணமும் போனது. அடுத்தது வீட்டு அட்வான்சுக்கு. மூன்றாவது, மகள் ரூபினியின் நர்சிங் படிப்புக்கு. நீ அந்தக் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மாசம் வேலையில்லாமல் இருந்தால்தான் அந்தப் பணம் முழுசாகக் கைக்கு வரும். அதுவரை வாடகை சும்மா இருக்குமா? வந்த பணத்தில் பாதி, அந்த இரண்டு மாசத்தில் வாங்கிய கடனுக்கே கரைந்தது. மீதியைக் கல்லூரியில் முதல் தவணையாகக் கட்டினாள். அடுத்த தவணைக்குத்தான் வேலை இருக்கிறதே என்று தைரியம்.

அந்தத் தைரியத்தில் மண் விழுந்தது. முப்பத்தைந்துக்கு மேல் புது ஆள் எடுக்கக் கூடாதென்று மேலிடத்துப் புது உத்தரவாம். தனக்கோடிக்கு நாற்பத்தொன்று. புது ஆளாம்! அந்த மிஷின் முன்னால்தான் அவளுக்கு நரையே விழுந்தது.

மற்ற கம்பெனிகளிலும் அதே பாட்டு. பாத்திரம் தேய்க்கிற சம்பளம் வாடகையோடு சரி. இரண்டாம் தவணை நெருங்கியதும், மறுபடி பழைய கம்பெனி லைன் சூப்பர்வைசர் மமதாவிடமே போய்க் கெஞ்சினாள்.

"ஆகல்லக்கா, என் கையில ஒண்ணும் இல்ல," என்றாள் மமதா, கன்னடமும் தமிழும் கலந்து. "பொண்ணுக்குப் பதினெட்டு ஆச்சில்ல? அவள அனுப்பு. நாளைக்கே உக்கார வைக்கிறேன்."

தனக்கோடி இதை மகளிடம் சொல்லக் கூடாதென்றுதான் வீட்டுக்கு வந்தாள். ரூபினி விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். தவணைத் தேதி வந்தது, போனது. அடுத்த திங்கட்கிழமை அம்மாவின் டிபன் பாக்ஸைத் தானே கழுவி எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா அழற? நாலே வருஷம். அப்புறம் ராஜினாமா குடுத்துட்டு, பி.எஃப். பணத்த எடுத்துப் படிச்சிக்கிறேன்."

தனக்கோடி கம்பெனி வாசல்வரை கூடவே போனாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.