கோணல் கொண்டை

வலது கை காதுக்கு மேலே போகாமல் நின்றுபோன கதையைக் கேளுங்கள். அதியமான்கோட்டைப் பக்கம் எங்கள் களத்தில் கேழ்வரகுக் கட்டோடு வழுக்கி விழுந்து, தோளுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. என்ன விளைச்சல் அந்த வருஷம்! சரி, அதை விடுங்கள். கட்டுப் போடுகிறவர் நன்றாகத்தான் கட்டினார். ஆனால் மாரியம்மன் பண்டிகையன்று கோயிலில்தான் கட்டை அவிழ்ப்பதென்று என் மாமியார் வேண்டிக்கொண்டுவிட்டார். பண்டிகையோ பங்காளிச் சண்டையில் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, தோள் பூட்டிக்கொண்டிருந்தது.

களியைக்கூட இடது கையால் கிண்டிவிடுவேன். கொண்டை முடியத்தான் வழியில்லை. தினமும் நாத்தனார் முன்னால் போய் உட்கார வேண்டும்.

"வாங்க பாப்பா, தல வாரி வுடுறேன்" என்று சிரிப்பாள். என் முடியை நானே முடியாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் கை கால் முடங்கியவர்களுக்குக் கசரத்து சொல்லித்தரும் அம்மா ஒருவர் இருந்தார்.

"செவுத்துல வெரல நண்டாட்டம் ஏத்து. ரொம்ப வலிச்சா நிறுத்திக்க, மல்லுக்கட்டாத. படுத்துக்கிட்டு ரெண்டு கையாலயும் ஒரு குச்சியப் புடி, நல்ல கை நோவுற கையத் தூக்கட்டும்."

எழுத்து தெரியாத நான், சுவரில் விரல் எட்டிய இடத்தில் எல்லாம் அடையாளத்துக்கு மஞ்சள் பொட்டு வைத்தேன்.

"ஏ புள்ள, செவுத்துக்கு அம்ம போட்டிருக்குதா?" என்றார் மாமியார்.

அந்த அம்மா மாற்றலாகிப் போனதும் பொட்டும் ஏறாமல் நின்றுவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு யோகாசனம் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். குச்சிக்குப் பதிலாகக் களி கிண்டும் துடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்து, "விருந்துக்குங்களா?" என்றார்.

"ரெண்டு கையும் காதோட ஒட்டி மேல!" என்றார் டீச்சர். எல்லோர் கையும் மேலே போனது. நான் சுவரோரம் போய் விரலை ஏற்றினேன்.

"என்னம்மா, பல்லியாட்டம்?"

"பல்லி ஏறிடுங்க டீச்சர். நாந்தான் பாதியிலயே நிக்கிறேன்."

டீச்சரும் சிரித்துவிட்டார். "நடுவுல நின்னு பண்ணாத்தாம்மா ஆசனம்."

"நின்னா கை வரமாட்டேங்குதுங்க. படுத்தா வரும். காட்டட்டுங்களா?"

படுத்துத் துடுப்பைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். டீச்சர் குனிந்து என் முதுகுக்கடியில் உள்ளங்கையை நுழைத்தார்.

"அட, இடுப்பு பாலமாட்டம் வளையுது! கை எங்க ஏறுது, முதுகுல்ல ஏறுது. முதுகத் தரையோட ஒட்டு. இப்பத் தூக்கு."

துடுப்பு பாதியிலேயே நின்றது. வீட்டுச் சுவரில் பாதிப் பொட்டு, கை ஏறாமல் முதுகு வளைந்து வைத்த பொட்டுதான்! போகட்டும் என்று கீழேயிருந்து மறுபடி தொடங்கினேன்.

அடுத்த வாரம் டீச்சர் எல்லோரையும் குச்சி கொண்டுவரச் சொல்லிப் படுக்கவைத்துத்தான் தொடங்கினார். "நோவுறவங்க படுத்தே பண்ணுங்க. இதுவும் ஆசனந்தான்" என்றார். ஒரு மளிகைக்கடைக்காரர் மனைவி உலக்கையோடு வந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அன்றைக்கு மூச்சுப் பயிற்சியே நடக்கவில்லை.

மாமரம் பூத்திருந்த சமயம், ஒரு காலையில் நாத்தனார் சீப்போடு காத்திருந்தாள். நான் கொண்டையோடு வெளியே வந்தேன்.

"யாரு முடிஞ்சது? ஒரே கோணலா கெடக்குது. இங்க வா, சரி பண்றேன்."

"கைய வெச்சே, துடுப்பால அடிப்பேன்" என்றேன்.

அன்று சந்தை முழுக்க அந்தக் கோணல் கொண்டையோடுதான் சுற்றினேன், கனகாம்பரம் வேறு வைத்துக்கொண்டு.