சித்தியின் பாதிப் பேச்சு

"டோக்கன் நூத்திப் பதினாலு!" என்று சித்தி குரல் கொடுத்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மாடியில் இருந்த கேமராக் கடை அது. சித்தியின் புடவைத் தலைப்பில் ஒரு குட்டி மைக் மாட்டியிருந்தது. அதன் ஒயர் என் கையிலிருந்த கேமராவுக்கு வந்தது. ஏதாவது பேசிக் காட்டச் சொன்னால் மற்றவர்கள் ஹலோ ஹலோ என்பார்கள். சித்திக்கு வாயில் வந்தது டோக்கன் நம்பர். மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில், சுவரில் நம்பர் மின்னும் பலகை வருவதற்கு முன்னால், கவுண்டரில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அப்படிக் கூப்பிட்டவள். அவள் கூப்பிட்டால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்கூடத் திரும்பி வருவார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அன்று கடையில் கேட்டது அந்தக் குரலில் பாதிதான். அடியில் ஒரு கரகரப்பு வந்துவிட்டிருந்தது. மீதிப் பாதியும் சீக்கிரம் போகப் போகிறது என்பது அங்கே எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

குரல்வளையில் புற்று. முழுவதுமாக எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகப் போய்வரும், பேச்சு இருக்காது. சித்தி அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் டாக்டரிடம் கேட்டது, "ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் டயம் கெடைக்குமா?" என்றுதான். வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே என்னிடம், "நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும்டா. சின்னதா, வெல கையக் கடிக்காம. படம் எப்படி வேணா இருக்கட்டும், கொரல் நன்னா விழணும்" என்றாள்.

ஏன் குரல் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சித்தப்பா, தன் பெண்ணுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருந்தது கல்யாண வீடியோ ஒன்றுதான். அதில் ஓர் இடத்தில் சித்தப்பா சித்தியின் பக்கம் குனிந்து ஏதோ சொல்வார், சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். என்ன சொன்னார் என்பது கேட்காது. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் கல்யாணத்தில் கேட்ட சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுப்பார்கள். அதுதான் ஸ்டைல். காசு கொடுத்தே அப்படிச் செய்யச் சொல்வார்கள். சித்தியின் பெண், என் தங்கை, அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். நேரில் கேட்ட நாங்கள் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தோம். குரலை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. அந்தத் தங்கை இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள்.

நான் கேமரா தேட ஆரம்பித்தேன். எனக்கு எதையும் சுலபமாக வாங்கத் தெரியாது. மிக்ஸி வாங்கினாலும் பத்துப் பேர் எழுதிய விமரிசனத்தைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். நந்தனத்தில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கேமரா வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். விலை கட்டுப்படியானவற்றில் மைக் செருக வழியில்லை. மைக் செருக வழியிருந்தவை கல் மாதிரி கனத்தன. ஒன்றில் எல்லாம் இருந்தது, ஆனால் லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்யும்போது எலி சுரண்டுவது போல ஒரு சத்தம் அதிலேயே பதிவானது. ஃபோனிலேயே எடுத்துவிடலாமே என்றதற்குச் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய முந்தைய ஃபோன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து, பேத்தி முறையில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆயுஷ்ஹோமப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. "பேசறதுக்கு ஃபோன், பிடிக்கறதுக்கு கேமரா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ரெண்டும் போயிடும்" என்றாள். நான் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் அவள் ஃபோனில் பேசியபோது யாரோ ராங் நம்பர் என்று நினைத்துவிட்டேன். அன்று மாலையே கடைக்குக் கிளம்பினோம்.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது பெரிய ஒன்றை. "இத்த எடுங்க சார். பேக்ரவுண்டு அப்டியே மங்கிடும், மூஞ்சி மட்டும் பளிச்சுனு நிக்கும். முடி முடியா தெரியும்."

"என் முடிய எண்ணி என்னப்பா ஆகப் போறது? கொரல் எப்படி விழும், அதச் சொல்லு" என்றாள் சித்தி.

"இன்னாம்மா, யூடியூப் சேனலா? சமையலா?"

"ஆமாம்ப்பா. சமையல்தான்."

"அப்ப நீங்க சொல்றது கரெக்ட்டும்மா. படம் சுமாரா கீதுன்னாகூட பாத்துக்கினு இருப்பாங்க. வாய்ஸ் எரிச்சலா கீதுன்னா ஆஃப் பண்ணிட்டு போய்க்கினே இருப்பாங்க."

கடைசியில் நாங்கள் எடுத்தது ஒரு பழைய மாடல். புதிது வந்துவிட்டதால் விலை இறங்கியிருந்தது. உள்ளங்கையில் அடங்கியது. மைக் செருகலாம். திரையை முன்பக்கம் திருப்பிக்கொண்டால், பேசுகிறவர் யார் துணையும் இல்லாமல் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். சித்திக்கு அது முக்கியமாக இருந்தது, பேசும்போது அறையில் யாரும் இருக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். ஒரே குறை, ஹெட்போன் மாட்ட இடமில்லை. எப்படிப் பதிவாகிறது என்பது பேசி முடித்துப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். நான் இழுத்தேன். "பேசிட்டு அப்பறம் கேட்டாப் போறாதா? ஏசிய செத்த நிறுத்தச் சொல்லு" என்றாள். நிறுத்தினார்கள். அப்போதுதான் அந்த டோக்கன் நம்பர். திரும்பப் போட்டுக் கேட்டபோது, கரகரப்பு உட்பட அவள் குரல் அப்படியே இருந்தது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பில் போடச் சொல்லிவிட்டாள்.

மயிலாப்பூரில் சித்தி வீட்டுத் தெரு அமைதியாக இருக்கும் நேரம் குறைவு. பால் வண்டி, தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டுக் குக்கர். காலைக் காபி குடித்ததும் தொண்டை கொஞ்சம் தெளிவாக இருக்கும் என்று அந்த நேரத்தில் ஃபேனை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசுவாள். வியர்த்துக் கொட்ட வெளியே வருவாள். என்ன பேசினாள் என்று சொல்ல மாட்டாள். நான் என்னவெல்லாமோ கற்பனை செய்துவைத்திருந்தேன். பெண்ணுக்கு நாலு புத்தி சொல்லியிருப்பாள், சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள், பாடியிருப்பாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றித் தரச் சொன்னாள். போட்டுப் பார்த்தேன். "சொல்லுடி." அடுத்தது, "சாப்டியா?" அதற்கடுத்தது, "அங்க குளுரா?" பிறகு "மாப்ள ஆத்துல இருக்காரா?" "அப்பறம்?" "நெஜமாவா?" "அட அசடே." "சரி, வெச்சுடட்டுமா?" ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விதமாக, சிரித்துக்கொண்டு ஒன்று, கோபமாக ஒன்று. தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானம் கூப்பிடுவாள். அந்தப் பேச்சு வாராவாரம் ஒரே தடத்தில்தான் போகும். அதில் தன் பக்கத்துப் பாதியைச் சித்தி முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். நான் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆபரேஷனுக்குத் தங்கை வந்திருந்து, லீவு தீர்ந்ததும் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போய்விடுவேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, பக்கத்தில் டேப்லெட்டோடு சித்தி உட்காருவாள். திரை முழுவதும் வரிசை வரிசையாக அவள் முகமே சின்னச் சின்னதாக இருக்கும். "அம்மா" என்று தங்கை சொன்னதும் ஒரு முகத்தைத் தொடுவாள். "சொல்லுடி" என்று அதே கரகரப்போடு வரும். சீக்கிரமே கை தேறிவிட்டது. தங்கை எதையாவது உளறினால், அவள் முடிப்பதற்குள் "அட அசடே" வந்துவிழும். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம். சித்தி சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கினோம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

தங்கை உண்டாகியிருந்தாள். ரொம்ப வருஷம் காத்திருந்து தங்கிய கரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஃபோன் வந்தது. சித்தி "சொல்லுடி"யைத் தொட்டாள். "நிக்கலம்மா. போயிடுத்து" என்றாள் தங்கை.

சித்தியின் விரல் திரைமேல் போனது. வரிசைகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள். சாப்டியா, அங்க குளுரா, அப்பறம், நெஜமாவா. எதையும் தொடவில்லை. மேலே போனாள், திரும்பக் கீழே வந்தாள். அத்தனை முகங்களில் ஒன்றுகூட இதற்குச் சொல்ல எதையும் வைத்திருக்கவில்லை. தங்கை "அம்மா, இருக்கியா?" என்று கேட்டாள். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள். டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். ஃபோனை எடுத்து, கழுத்துத் துளைமேல் கட்டியிருந்த மெல்லிய துணியை விலக்கிவிட்டு, அதன் அருகில் பிடித்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அழுகையில் அது திக்கியது, பிறகு மெல்லச் சீரானது. தங்கை அழுதுகொண்டே இருந்தாள். சித்தி கையை எடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தங்கை சொன்னாள், "இனிமே அத போடாதம்மா. இதுவே போறும். இது நீதான்னு தெரியறது."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை பேசுவாள், சித்தி மூச்சுவிடுவாள். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. நானும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நோய் திரும்பி வந்து, சித்தி போன வருஷம் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து தங்கை ஊருக்குக் கிளம்பிய அன்று, டேப்லெட்டைத் துடைத்து, சார்ஜ் போட்டு அவளிடம் கொடுத்தேன். அம்மாவின் குரல் இருக்கிறது, உனக்கு அப்பா விஷயத்தில் வந்த குறை இதில் வராது என்று சொன்னேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திறந்து பார்க்கவில்லை. வாசலில் டாக்சி வந்து நின்ற பிறகு கேட்டாள்.

"அண்ணா, ஃபோன்ல அம்மா மூச்சு விடுவாளே. அது எங்கயாவது இருக்கா?"

கேமரா பீரோவில், துணி சுற்றியபடியே இருந்தது. குரல்தான் போய்விட்டதே, இனிமேல் இவளிடம் பதிவு செய்ய என்ன இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு மறுநாளே நான்தான் அதை உள்ளே வைத்தேன்.

"இல்லடி" என்றேன்.