மதினியோடு மெட்டல் விழாவுக்கு

நான் ஹெவி மெட்டல் கேட்க ஆரம்பித்தது ஒரு செல்போன் கடைக்காரர் செய்த தவறால். கல்லூரியில் படிக்கும்போது ஜங்ஷனில் ஒரு கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, மெலடிப் பாட்டாகப் பார்த்து ஏற்றித் தரச் சொன்னேன். அவர் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த பாட்டுகளை என் கார்டில் ஏற்றிவிட்டார். சேரன்மகாதேவி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டினேன். மரம் அறுக்கும் மில்லுக்குள் தலையை விட்டது போலிருந்தது. உடனே அணைக்கத்தான் போனேன். நெரிசலில் போன் இருந்த பைக்குள் கையை விட முடியவில்லை. பத்தமடை தாண்டும்போது என் கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கார்டில் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண்கள் மட்டும்தான். யார் பாடுகிறார்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்பது தெரியாமலே இரண்டு வருஷம் கேட்டேன். மொத்தம் பத்துப் பாட்டு, எல்லாம் ஒரே குழுவின் ஒரே ஆல்பம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் ஆறாவதை மட்டும் எப்போதும் தாண்டிவிடுவேன். எட்டு நிமிஷம் இழுக்கும். டிரம்ஸ் ரொம்ப நேரம் சும்மா இருக்கும். வேகமில்லாத மெட்டல் எதற்கு என்று நினைத்த வயது அது.

இன்றைக்கும் எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் அந்தக் கார்டில் இருந்ததைத்தான் சொல்வேன். அடுத்தது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒன்று. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து டவுணுக்கு வரும் பஸ்ஸுக்கு அது சரியாக இருக்கும். வாகையடி முனையில் இறங்கும்போது கடைசிப் பாட்டு முடியும். மூன்றாவது ஆல்பத்தில் உறுமுகிற குரல் ஒரு பெண்ணுடையது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று குளியலறையில் நானும் உறுமிப் பார்த்தேன். அத்தை வந்து கதவைத் தட்டினார்.

"ஏட்டி, தொண்டையில என்னமும் அடைச்சிக்கிட்டா?"

"ஒண்ணுமில்ல அத்த, சளி."

அதற்குப் பிறகு இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடிக்க வேண்டியதாயிற்று.

என் கணவருக்கு இந்தச் சங்கீதம் பிடிக்காது. ஆனால் எனக்குப் பிடிக்கும் என்பது அவருக்குப் பிடிக்கும். மெமரி கார்டு ஆல்பத்தின் குழு பெங்களூருவில் ஒரு விழாவில் வாசிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அவரே இரண்டு டிக்கெட் எடுத்தார். கூடங்குளம் பக்கம் ஒரு ஒப்பந்ததாரரிடம் அவருக்கு வேலை. விழாவுக்கு நான்கு நாள் முன்பு, லீவு கிடைக்காது என்று போன் செய்தார். தனியாகப் போய் வருகிறேன் என்றேன். அவர் சரியென்றார். அத்தை சரியென்று சொல்லவில்லை.

அப்போதுதான் மதினி பேச்சில் நுழைந்தார். மதினி என் கணவரின் அக்கா. அடுத்த தெருவில் குடியிருக்கிறார். மேலரத வீதிப் பக்கம் ஒரு மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். பையன்கள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

"டிக்கெட்ட எதுக்கு வீணாக்கணும்? நான் கூடப் போயிட்டு வாரேன்" என்றார் மதினி.

"மதினி, அது ரொம்பச் சத்தமா இருக்கும்."

"ஆனித் தேரோட்டத்துக்கு வடம் பிடிக்கிறவட்ட வந்து சத்தத்தப் பத்திச் சொல்லுதியாக்கும்."

அத்தைக்கு மகளை மறுத்துப் பழக்கமில்லை. புளியோதரையும் தண்ணீர் பாட்டிலுமாக ரயிலேறினோம். ரயிலில் மதினிக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காண்பித்தேன். பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் எதையும் விளக்கப் போகவில்லை.

விழா நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில். மத்தியானத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு பனியன். நானும் கறுப்பு பனியன்தான், ரயிலில் போட்டு வந்த சுடிதாருக்கு மேலே மாட்டியது. மதினி மாம்பழ நிறப் பருத்திப் புடவையில் வந்திருந்தார். வாசலில் கையில் பட்டை கட்டிவிட்ட பெண் அவரை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மதினியும் பதிலுக்குச் சிரித்து, "இதக் கழட்டலாமா, கூடாதா?" என்று தமிழிலேயே கேட்டார். அவளும் தமிழிலேயே, "வெளிய போற வரைக்கும் வேணும்மா" என்றாள்.

முதலில் நாங்கள் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு உயரம் போதாது. முதுகுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் வந்ததே கடைசியில் வரும் அந்த ஒரு குழுவுக்காக. அதையும் இப்படி முதுகுகளுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மதினியைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் போகவும் மனசில்லை.

மூன்றாவதாக ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம் வட்டமாக விலகியது. நடுவில் இருபது முப்பது பையன்கள் ஓடி ஓடி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அது அவர்கள் ஆடுகிற விதம். நான் சொல்வதற்குள் மதினி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

"ஏலே, என்னத்துக்குலே அடிச்சிக்கிடுதிய? விடுங்கலே."

யார் காதில் விழும்? அந்த நேரம் ஒரு பையன் கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். அடுத்த நொடியே அவனைச் சுற்றி ஓடியவர்கள் நின்றார்கள். ஏழெட்டுக் கைகள் ஒரே சமயத்தில் இறங்கி அவனைத் தூக்கி நிறுத்தின. ஒருவன் அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் மோத ஆரம்பித்தார்கள்.

மதினி என் பக்கம் திரும்பினார். "சண்டையில்ல போலயே" என்றார்.

"இல்ல மதினி. இது விளையாட்டு."

"நல்ல விளையாட்டுதான். கீழ விழுந்தவன மிதிக்கல பாத்தியா."

விழுந்த பையன் எங்கள் அருகில் வந்து மூச்சு வாங்கினான். அவன் பனியன் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. மதினி தன் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் மூன்றைக் கழற்றி, அவனை நிற்க வைத்து, கிழிசலை மடித்துக் குத்திவிட்டார். தையல்காரியின் கை, ஊக்கு வெளியில் தெரியவேயில்லை. அவன் தன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தான். ஒருவனுக்குப் பை வார் அறுந்திருந்தது. ஒரு பெண்ணுக்குச் சட்டைப் பொத்தான் போயிருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளும் தீர்ந்தன. அவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர்க்காரர்கள்.

"அம்மா, நீங்க ஏன் இவ்ளோ பின்னால நிக்கறீங்க?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"இவளுக்குத்தான் முன்னால போகணும். கேக்க வெக்கப்படுதா" என்றார் மதினி. நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவுமில்லை.

கடைசிக் குழு வருவதற்கு முன் கூட்டம் கலைந்து சேரும் நேரம் பார்த்து, அந்தப் பிள்ளைகள் எங்களை நடுவில் விட்டு முன்னால் கூட்டிப் போனார்கள். பாதி தூரத்தில் நெரிசல் அவர்களையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு மதினி முன்னால் போனார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தோளைப் பக்கவாட்டில் கொடுத்து, கூட்டம் ஒரு பக்கம் சாயும்போது மறு பக்கம் உண்டாகும் இடைவெளியில் ஒவ்வொரு அடியாக நுழைந்தார். "தள்ளாத. தள்ளுனா திருப்பித் தள்ளுவான். பைய வா, இங்கன கால வை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் என் இரண்டு கைகளும் மேடைக்கு முன்னாலிருந்த இரும்புத் தடுப்பைப் பிடித்திருந்தன.

குழு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் காத்திருந்து கேட்ட முதல் மூன்று பாட்டும் எனக்கு ஏமாற்றமாக இருந்தன. பாடகருக்கு வயதாகிவிட்டது. மேல் ஸ்தாயியில் குரல் எட்டாத இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். வேகப் பாட்டுகள் என் காதில் இருக்கும் வேகத்தில் ஓடவில்லை. பஸ்ஸில் கேட்டதே நன்றாக இருந்தது என்று தோன்றியது.

நான்காவதாக அந்த ஆறாம் பாட்டை எடுத்தார்கள், நான் எப்போதும் தாண்டிப் போகிற பாட்டை. கிட்டார் ஒன்றே ஒன்று, ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டது. பாடகருக்கு அதில் கத்த வேண்டிய அவசியம் இல்லை. கீழ்க்குரலில், களைத்துப்போன ஒரு மனிதர் பேசுவது போலப் பாடினார். ஐந்தாவது நிமிஷத்தில் டிரம்ஸ் உள்ளே வந்தபோது இரும்புத் தடுப்பு என் கைக்குள் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கையில் இருந்த ஒன்றைக் கேட்காமலே விட்டிருக்கிறேன். மதினி என்னைப் பார்த்தார். தலைப்பை நீட்டினார். துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊர் வந்து சேர்ந்தபோது ஜங்ஷனில் என் கணவர் நின்றிருந்தார். "எக்கா, எப்படி இருந்துச்சு?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"காது இன்னும் கொய்யுங்குது" என்றார் மதினி. பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலும் சொன்னார்: "அம்புட்டுக் கூட்டத்துல ஒரு பய தப்பாக் கை வைக்கலலே. நம்ம டவுண் பஸ்ஸுல போயிட்டு வாரதுக்கு அது எவ்வளவோ மேல்."

போன மாதம் குடும்பத்தோடு மணிமுத்தாறு அருவிக்குப் போனோம். கணவர் கார் ஓட்ட, மதினி முன்னால் உட்கார்ந்து, "அந்த அழுவாச்சிப் பாட்டப் போடு" என்றார். பின்சீட்டிலிருந்து என் போனில் போட்டேன். எட்டு நிமிஷமும் முழுதாக ஓடியது. அது முடிந்து, ஆல்பத்தின் ஏழாவது பாட்டு, இருப்பதிலேயே வேகமானது, தடதடவென்று ஆரம்பித்தது. அத்தை இருக்கிறாரே என்று அவசரமாக அணைக்கப் போனேன்.

"ஏன் அமத்துத?" என்றார் என் பக்கத்தில் இருந்த அத்தை. "மொதல்ல ஓடுனது ஒரே தூக்கமா வந்துச்சு. இதுதான் கேக்க நல்லாருக்கு."