சின்னக் கையும் பெரிய போனும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் மேசையில் என்னை உட்காரவைத்தபோது, கூடவே ஒரு போனும் கொடுத்தார்கள். பலகை மாதிரி இருந்தது. பூட்ஸில் எங்கே குறை இருக்கிறதோ அதைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். தோலில் ஒளிந்திருக்கும் வெடிப்பு, பூட்ஸ் சும்மா நிற்கும்போது தெரியாது. இடது கையை உள்ளே விட்டு விரலால் தள்ளினால்தான் தெரியும். கையை எடுத்தால் மறைந்துவிடும். ஆகவே படம் எடுக்க மீதி இருப்பது ஒரே கைதான்.

என் கையோ சின்னது. கட்டைவிரல் பாதித் திரையைக்கூடத் தாண்டவில்லை. மேல்மூலையைத் தொட எக்கினால் போன் சரியும். முதல் நாளே நழுவி, முடித்து வைத்திருந்த பூட்ஸ் மேல் விழப் பார்த்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"உன் கைக்கு இது செட் ஆவாதும்மா. சனிக்கெழம வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா பேக்கிங்ல நெட்டையா ஒருத்தர் இருக்காரே, அவருக்குக் குடுத்துட்டு நீ பழைய எடத்துக்கே போய்டு."

பழைய இடம் என்றால் பசை தடவும் வரிசை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்த வாசனையில் மாலைக்குள் தலை பிளக்கும். திரும்பிப் போக எனக்குச் சுத்தமாக மனசில்லை. அங்கேயே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்துக்கு நடுவிலும் ஒரு குடைச்சல்: மற்றவர்கள் எல்லாம் இதை எப்படித்தான் பிடிக்கிறார்கள்?

பேரணாம்பட்டுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். பாதிப் பேர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் போனைத் தட்டுபவர்கள். ஒருவர் சுண்டுவிரலைப் போனுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார். ஒரு பெண் எட்டாத இடத்தை மூக்கு நுனியால் தொட்டாள், கொஞ்சமும் கூச்சமில்லை. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்ததில் பக்கத்தில் நின்ற கட்டிங் பிரிவுப் பெண் சிரித்துவிட்டாள். வீட்டில் உருது பேசுகிறவள், என்னைவிட இளையவள்.

"இன்னாக்கா, அவங்க மூக்கையே பாத்துனு இருக்க?"

விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ பேஜார்" என்று போனை வாங்கி, செட்டிங்கில் எதையோ மாற்றி, அடி ஓரத்தில் கட்டைவிரலால் கீழே இழுத்தாள். மொத்தத் திரையும் பாதிக்குக் கீழே இறங்கியது. டிஸ்ப்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்தால், மேலே எட்டாததெல்லாம் விரலடியில் வந்து நிற்கிறது. படம் எடுக்க, ஓரத்தில் சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கினாலே போதும் என்றும் அவள்தான் காட்டினாள்.

பிடிதான் இன்னும் வழுக்கியது. மறுநாள் அவள் கழிவுத் தோலில் ஒரு பட்டை வெட்டிக் கொண்டுவந்தாள். போன் உறையின் முதுகில் அதை வளையமாக ஒட்டி, இரண்டு விரலை நுழைத்துக்கொண்டேன். அருமையாக இருந்தது, மதியம் வரைக்கும். அப்புறம் வளையம் தொளதொளவென்று ஆகி, போன் தொங்கியது. இருவரும் பட்டையை இழுத்துப் பார்த்தோம். ரப்பர் மாதிரி நீண்டது. தோல் ஒரு வாக்கில் இழுபடும், இன்னொரு வாக்கில் இழுபடாது. அதை இழுத்துப் பார்த்து வெட்டுவதுதான் அவள் நாளெல்லாம் செய்யும் வேலை.

"கம்பெனி மாலுன்னா பாப்பேன். நம்ம போனுக்குத்தானேன்னு வுட்டுட்டேன்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இழுபடாத வாக்கில் இன்னொன்று வெட்டித் தந்தாள். அது நின்றது.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வரும்போதே அந்த நெட்டை ஆளையும் அழைத்துக்கொண்டு வந்தார். முடிவே செய்துவிட்டார் என்று புரிந்தது. வளையத்திலிருந்து விரலை உருவிப் போனைக் கொடுத்தேன். அந்த ஆளின் கையில் அது சோப்புக்கட்டி போல அடங்கியது. கட்டைவிரல் மேல்மூலை வரை சாவகாசமாகப் போய்வந்தது.

"பாத்தியா" என்றார் சூப்பர்வைசர்.

நெட்டை ஆள் இடது கையை பூட்ஸுக்குள் விட்டார். அது குழந்தைகளுக்கான ஆர்டர். விரல்முட்டியோடு கை நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார், குவித்துப் பார்த்தார்.

"இன்னா சார், இதுல என் கட்டவெரல்தான் போவும்" என்று போனை என்னிடமே நீட்டினார்.

வளையத்தில் விரலை நுழைத்தேன். இடது கை பூட்ஸுக்குள் முனை வரை போனது. உள்ளிருந்து தள்ளினேன், வெடிப்பு தெரிந்தது. சூப்பர்வைசர் என் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீயே இரும்மா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படம் ஆடிப்போய், இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்தது.